சூடு ஆறுவதற்குள் ரோலர் ஏறணும்

சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு "ரோட்டு லேப் பொண்ணு" என்றுதான் பெயர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஏம்மா, போன மாசம் போட்ட ரோடு ரெண்டு மழைக்கே பேந்து போச்சே, தாரே ஊத்தலையா?" சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

திருச்சி – திண்டுக்கல் பக்கம், ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கிற ஒரு ஹாட் மிக்ஸ் பிளான்டில் தரக்கட்டுப்பாட்டு லேப் என் பொறுப்பு. பிளான்டில் பாதி நாள், ரோட்டில் பாதி நாள். இத்தனை காலம் தாரோடு புழங்கியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. பேந்து போன ரோட்டில் பெரும்பாலும் தார் போதுமான அளவு இருக்கும். நல்ல தாராகவும் இருக்கும். தண்ணீர் உள்ளே போக வழி மட்டும் திறந்து கிடக்கும். அந்த வழி ரோடு போட்ட அன்றைக்கு, அதுவும் கலவை கொட்டிய முதல் கால் மணி நேரத்தில் திறந்தது. மழை வந்து அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தார் என்று சொல்வது பிட்டுமன். மணலி மாதிரி சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகு அடியில் கெட்டியாக ஒரு மிச்சம் நிற்கும். அதை அப்படியே இன்னும் சூடேற்றினால் மூலக்கூறுகள் உடைந்து கெட்டுவிடும். அதனால் காற்றழுத்தத்தைக் குறைத்து, வெற்றிடக் கோபுரத்தில் மறுபடி வடிக்கிறார்கள். அதற்கும் ஆவியாகாமல் அடியில் நிற்கிற கறுப்புக் கூழ்தான் டேங்கரில் எங்களிடம் வருகிறது. நிலக்கரியைக் காற்று படாமல் சுட்டு எடுக்கிற கரித்தார் வேறு பொருள். அதில் புற்றுநோய் வரவழைக்கும் சேர்மங்கள் அதிகம். எங்கள் ரோடுகளில் அது கிடையாது.

ஏழு மீட்டர் அகல ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு 40 மி.மீ. கனத்தில் மேல் அடுக்கு போட எவ்வளவு தார் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கலவை மொத்தம் சுமார் 670 டன். அதில் தார் 36 டன் போல வரும், கிட்டத்தட்ட இரண்டு டேங்கர். மீதி முழுக்க ஜல்லியும் கிரஷர் தூளும்தான். நூறு கிலோ கலவையில் ஐந்தரை கிலோவுக்குள் இருக்கிற இந்தக் கறுப்புப் பொருள்தான் மீதி 94 கிலோ கல்லையும் பிடித்து வைத்து, லாரியைத் தாங்கி, மழையையும் தடுக்க வேண்டும்.

டேங்கர் வந்ததும் மாதிரி எடுத்து லேப்புக்குக் கொண்டுவருவோம். தாரைப் பற்றி எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ஒரு ஊசிதான். சின்னக் கிண்ணத்தில் தாரை ஊற்றி ஆறவைத்து, 25 டிகிரி தண்ணீரில் வைத்து, அதன் மேல் 100 கிராம் எடை தாங்கிய ஊசியை ஐந்து விநாடி விடுவோம். எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் குறிப்போம். முன்பு தாருக்குப் பெயரே இந்த எண்ணை வைத்துத்தான்: 60/70, 80/100. பழைய ஆட்கள் இன்னமும் "அறுபது எழுபது வந்துருச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த ஊசி சொல்லாத ஒரு விஷயம் உண்டு. 25 டிகிரியில் ஒரே மாதிரி கெட்டியாக இருக்கிற இரண்டு தார்கள் 60 டிகிரியில் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒன்று நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று ஓடிவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரி என்றால் ரோட்டு மேல்பரப்பு 60ஐத் தாண்டும். அங்கே தார் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதானே நமக்கு வேண்டியது? அதனால் 2006இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தாருக்கான ஐ.எஸ்.73 தரத்தைத் திருத்தியபோது, 60 டிகிரியில் அளக்கிற பாகுத்தன்மையை, அதாவது ஓடாமல் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை வைத்துத் தாரை வகை பிரித்தார்கள்: வி.ஜி. (பாகுத்தன்மை வகை) 10, 20, 30, 40. எண் கூடக் கூடத் தார் கெட்டி. நம் பக்கம் பெரும்பாலும் வி.ஜி.30. கனரக லாரி ஓடுகிற நெடுஞ்சாலைக்கும், வண்டிகள் நின்று நின்று போகிற இடங்களுக்கும் வி.ஜி.40.

அப்புறம் வளையமும் குண்டும் வைத்து ஒரு சோதனை. பித்தளை வளையத்தில் தாரை நிரப்பி, அதன் மேல் மூன்றரை கிராம் எஃகுக் குண்டை வைத்து, தண்ணீரில் இறக்கி நிமிஷத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றுவோம். குண்டு தாரையும் இழுத்துக்கொண்டு 25 மி.மீ. கீழே இறங்கித் தட்டைத் தொடுகிற வெப்பநிலைதான் இளகு நிலை. வி.ஜி.30க்கு அது 47 டிகிரிக்குக் குறையக் கூடாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இழுவைச் சோதனை. 8 என்ற எண் வடிவ அச்சில் வார்த்த தாரை ஒரு நீளத் தொட்டியில் வைத்து, நிமிஷத்துக்கு 5 செ.மீ. வேகத்தில் இரண்டு பக்கமும் இழுக்கும் மெஷின். நல்ல தார் நீண்டு நீண்டு, கடைசியில் தலைமுடியை விட மெல்லிய கறுப்பு இழையாகித் தண்ணீருக்குள் நிற்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன், இழை இருக்கிறதா அறுந்துவிட்டதா என்று. பிளான்டில் காய்ச்சிக் காய்ச்சி முதிர்ந்துபோன தாரென்றால் கொஞ்ச தூரத்திலேயே பட்டென்று அறுந்துவிடும். புதிதாக வந்த டிரெய்னி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதைவிட இந்தத் தொட்டிப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கவைப்பது மேல். ரோட்டில் வருகிற வெடிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

தார் முதிர்வது காற்றினாலும் சூட்டினாலும். அதில் இருக்கும் எண்ணெய்ப் பகுதி ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்லக் கெட்டிப் பகுதியாக மாறுகிறது. ரோட்டில் வருஷக்கணக்கில் நடக்கிற வேலை இது. பிளான்டில் சூடான ஜல்லி மேல் மெல்லிய படலமாக ஒட்டுகிற அந்த நிமிஷத்திலேயே ஒரு பெரிய பங்கு முடிந்துவிடுகிறது. அதனால்தான் வி.ஜி.30ஐ 150 முதல் 165 டிகிரிக்குள் வைத்திரு என்கிறது விதி. பிளான்ட் ஆபரேட்டர் "கொஞ்சம் ஏத்திவிட்டா நல்லா கலக்கும் மேடம்" என்பார். நன்றாகத்தான் கலக்கும். கலவையிலிருந்து நீலப் புகை கிளம்பும், பார்க்க மங்கலாக, பழுப்படித்து இருக்கும். அந்த லோடு போட்ட இடம் மட்டும் சீக்கிரமே ஜல்லி ஜல்லியாக உதிரத் தொடங்கும்.

கல்லும் தாரும் சேர்ந்து நிற்பது கடலை மிட்டாய்ப் பாகு மாதிரி என்றுதான் வீட்டில் சொல்லுவேன். பாகு பதம் தப்பினாலும் உதிரும், ஆறவிட்டு உருட்டினாலும் உதிரும். இந்த இரண்டாவதுதான் ரோட்டில் தினமும் நடப்பது.

பிளான்டிலிருந்து டிப்பர் புறப்படுகிறது. கலவை 160 டிகிரி. மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தூரம் 40 கிலோமீட்டர் என்றால், நடுவில் ஒரு ரயில்வே கேட், ஒரு டீக்கடை. சைட்டுக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை டிப்பர் பக்கவாட்டில் ஏறி, தெர்மாமீட்டர் கம்பியைக் கலவைக்குள் நன்றாக ஆழமாகக் குத்துவது. மேலே மட்டும் தொட்டுப் பார்த்தால் பொய் சொல்லும், மேல் ஓடு எப்போதும் ஆறித்தான் இருக்கும். உள்ளே 140 இருந்தால்தான் பேவருக்குள், அதாவது கலவையை ரோட்டில் பரப்புகிற மெஷினுக்குள் கொட்டலாம். ரோலர் உருட்டி முடிக்கும்போது 90க்குக் குறையக் கூடாது. அதற்குக் கீழே தார் கல்லாகத் தொடங்கிவிடும். ரோலர் எத்தனை தடவை போனாலும் இடைவெளி மூடாது. ஜல்லிதான் நொறுங்கும்.

40 மி.மீ. அடுக்கு ஆறுகிற வேகத்தை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவசரம் புரியும். பேவர் நகர்ந்துபோனதும் பின்னால் கலவை பளபளவென்று கறுப்பாகக் கிடக்கும். அப்போதே ரோலர் ஏறிவிட்டால் கால் மணி, இருபது நிமிஷத்துக்குள் வேலையை முடித்துவிடலாம். ஆடி மாசம் திண்டுக்கல், பழனிப் பக்கம் காற்று தூக்கியடிக்குமே, அன்றைக்கு அவ்வளவு நேரம்கூடக் கிடைக்காது. ஒருமுறை அப்படிக் காற்றடித்த நாளில் பேவர் ஆபரேட்டர் அண்ணன் மேலே இருந்து கத்தினார்: "மேடம், மேக்காத்து தூக்குது, ரோலரை ஒட்டியே வரச் சொல்லுங்க!" நான் ரோலர்காரரைப் பார்த்து, "அண்ணே, பேவர் வாலைப் பிடிச்சிட்டே வாங்க, எட்ட நிக்காதீங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். அன்றைக்குப் போட்ட துண்டு நன்றாக வந்தது. ரோட்டிலிருந்து வட்டத் துண்டாகக் கோர் வெட்டிப் பார்த்தபோது அடர்த்தி சரியாக இருந்தது.

முதலில் இரும்பு டிரம் ரோலர், பிறகு டயர் ரோலர், கடைசியில் மறுபடி இரும்பு டிரம். டயர் ரோலர் செய்வது தனி வேலை. ரப்பர் டயர் மாவு பிசைகிற கணக்கில் ஜல்லியை உள்ளே நகர்த்தி உட்காரவைக்கும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உருட்ட வேண்டும். சூடான கலவை மேல் ரோலரை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் டிரம் பள்ளம் அப்படியே நிற்கும். டிரம்மில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கலாம். டிப்பர் தொட்டியில் கலவை ஒட்டக் கூடாது என்று சில பேர் டீசல் அடித்துவிடுகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். தார் வந்த அதே கச்சா எண்ணெயிலிருந்து வந்த தம்பிதான் டீசல். பட்ட இடமெல்லாம் தாரைக் கரைத்துவிடும். பஸ் ஸ்டாண்டிலும் பெட்ரோல் பங்கிலும் கான்கிரீட்டோ பேவர் பிளாக்கோ போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். டிப்பர் தொட்டிக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும்.

சரி, சூடு ஆறிப்போய் உருட்டினால் என்ன ஆகிறது? நன்றாக இறுக்கிய கலவையிலும் கொஞ்சம் காற்று இடைவெளி வேண்டும். வடிவமைப்பில் 3 முதல் 5 சதவீதம் வைக்கிறோம். வெயிலில் தார் விரியும்போது போவதற்கு அந்த இடம் தேவை. இல்லையென்றால் தார் மேலே கசிந்து, ரோடு பளபளத்து, பைக் வழுக்கும். போட்ட புதிதில் இந்த இடைவெளி கொஞ்சம் கூட இருந்தாலும், வண்டி ஓட ஓட இறுகிவிடும். ஆனால் அது 8 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் கதை வேறு. அதுவரை தனித்தனியாக இருந்த துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. தண்ணீருக்குப் பாதை கிடைத்துவிடும். மழையில் லாரி டயர் ஏறும்போது தண்ணீர் அந்தத் துளைக்குள் அழுத்தமாக ஏறும், டயர் விலகும்போது உறிஞ்சி வெளியே வரும். ஒரு நாளைக்கு எத்தனை டயர், யோசித்துப் பாருங்கள்.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது என்பதை லேப்பில் ஒரு கண்ணாடிக் குவளையில் பார்க்கலாம். தார் பூசிய 20 மி.மீ. ஜல்லியைத் தண்ணீரில் மூழ்கவைத்து, 40 டிகிரியில் 24 மணி நேரம் விட்டுவிடுவோம். மறுநாள் எடுத்துப் பார்த்தால், நல்ல ஜோடியாக இருந்தால் கல் முழுக்கக் கறுப்பாகவே இருக்கும். ஒத்துப்போகாத கல்லென்றால் முனைகளில் தார் சுருண்டு விலகி, கல்லின் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். நம் பக்கத்துக் கருங்கல்லில் சிலிக்கா அதிகம். அந்த மாதிரிக் கல்லுக்குத் தாரை விடத் தண்ணீர்தான் பிடிக்கும். ஓரிடத்தில் தண்ணீர் கல்லைத் தொட்டுவிட்டால் போதும், தாருக்கு அடியில் ஊர்ந்து போய் அதைத் தூக்கிவிடும். சுண்ணாம்புக்கல் அப்படி விட்டுக்கொடுக்காது. அதனால்தான் கருங்கல் கலவையில் நீர்த்த சுண்ணாம்புத் தூளை 2 சதவீதம் அளவுக்குச் சேர்க்கச் சொல்கிறோம். பிடிமானம் நன்றாகவே கூடும். மலிவான பொருள், எளிய வேலை. இதைக்கூடச் சேர்க்காமல் விட்ட ரோட்டைப் பார்க்கும்போது மனசு ஆறாது.

அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவிலும் ஒரு பிடிமானம் வேண்டும். பழைய ரோட்டைக் கூட்டி, காற்றடித்துத் தூசியை எடுத்துவிட்டு, டேக் கோட் அடிப்பது அதற்குத்தான். ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிலோ போலத் தார்க் குழம்பு, அதாவது எமல்ஷன். தாரை நுண்துளிகளாகத் தண்ணீரில் கலந்து வைத்த பொருள் அது, சூடேற்ற வேண்டிய தொல்லை இல்லை. அடிக்கும்போது காபி நிறத்தில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பிரிந்து கறுத்துவிடும். கறுத்த பிறகுதான் மேலே கலவை போட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே கொட்டினால் தண்ணீரை நாமே உள்ளே வைத்து மூடியதாகிவிடும். தூசி மேல் டேக் கோட் அடித்தால் தூசிக்குத்தான் பிடிமானம் கிடைக்கும். மேல் அடுக்கு அப்பளம் மாதிரி உரிந்து வருகிற இடங்களில் தோண்டிப் பாருங்கள், அடியில் மண் தூசி அப்படியே இருக்கும்.

தெருக்களில் இன்னொரு கொடுமை. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டு மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, ரோடு வீட்டு வாசல்படிக்கு மேலே போய்விடுகிறது. மழை பெய்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போவதில்லை, வீட்டுக்குள் வருகிறது. மில்லிங் மெஷினால் பழைய மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்துக்குத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். சுரண்டி எடுத்ததும் குப்பை இல்லை. அதில் இருக்கும் ஜல்லியும் தாரும் சூடேற்றினால் மறுபடி உயிர் பெறும். புதுக் கலவையோடு ஒரு பங்காகச் சேர்த்துக்கொள்ளலாம். சிமென்ட் கான்கிரீட்டை உடைத்து எடுத்தால் அதை மறுபடி உருக்கி வார்க்க முடியாது. தாரிடம் எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இந்த ஒரு குணத்துக்காக.

ரோட்டை விட்டுக் கட்டடத்துக்கு வந்தால், அங்கே தார் வெளியே தெரியாமல் வேலை பார்க்கிறது. அஸ்திவாரச் சுவரில் ஈரம் ஏறாமல் இருக்க ஒரு பூச்சு, தாழ்த்திப் போட்ட குளியலறைத் தளத்தில் (சங்கன் ஸ்லாப்) ஒரு பூச்சு, இரண்டு கான்கிரீட் துண்டுகளுக்கு நடுவே விரிவதற்கு விட்ட இடத்தில் தார் ஊறிய போர்டு, மொட்டை மாடியில் டார்ச் அடித்து ஒட்டுகிற மெம்பிரேன் ஷீட். மாடியில் போடுகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஷீட்டை வெறுமனே வெயிலில் விடாதீர்கள். வெயிலும் காற்றும் தாரை முதிரவைத்துப் பாளம் பாளமாக வெடிக்கவைக்கும். மேலே தட்டோடோ வேறு பூச்சோ வேண்டும்.

இந்த நீர்த்தடுப்பு வேலைதான் தாரின் பழைய தொழில். மொகஞ்சதாரோ பெருங்குளத்தின் செங்கல் சுவருக்குப் பின்னால் ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்துக்குத் தார் வைத்து, தண்ணீர் ஒழுகாமல் காத்திருக்கிறார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு மேலான வேலை. பண்டைய முசிறி என்று கருதப்படும் கேரளத்துப் பட்டணம் அகழாய்வில், மேற்காசியாவிலிருந்து கப்பலில் வந்த நீளச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. உள்பக்கம் முழுக்கத் தார் பூச்சு, உள்ளே இருக்கிற திரவம் கசியாமல் இருக்க. அதன் படத்தைப் பார்த்தபோது, யாரோ என் தொழில்காரர் ஒருவர் அந்தக் காலத்திலேயே கப்பல் ஏறி வந்துபோன மாதிரி எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மதுரைக்காரர் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன். வீசியெறிகிற பிளாஸ்டிக் பையைத் துண்டு துண்டாக வெட்டி, 160, 170 டிகிரியில் இருக்கும் ஜல்லி மேல் தூவினால் அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய உறையாகிவிடுகிறது, அதன் மேல் தார் இன்னும் இறுக்கமாக ஒட்டுகிறது என்று காட்டியவர் அவர். 2002இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் அப்படி ரோடு போட்டார்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குவளைச் சோதனையில் பார்த்தோமே, கல்லுக்குத் தண்ணீரைப் பிடிக்கிறது என்று, அந்த இடத்தில்தான் அவர் கை வைத்தார். கல்லின் குணத்தையே மாற்றிவிட்டார். பி.வி.சி.யை மட்டும் சேர்க்கக் கூடாது. சூட்டில் குளோரின் கலந்த நச்சு வாயுக்கள் கிளம்பும், பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஆபத்து.

பக்கத்தில் நிற்பவர்கள் என்றதும் ரேக் அடிக்கிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். பேவர் எட்டாத ஓரங்களிலும், மேன்ஹோல் சுற்றியும், கையால் கலவையை இழுத்துச் சமன் செய்கிறவர்கள். முன்பு டிரம்மில் விறகு வைத்துத் தார் காய்ச்சி, காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, ஓட்டை போட்ட தகரத்தால் தெளித்த காலத்தை நினைத்தால் இன்றைக்கு எவ்வளவோ தேவலாம். ஆனாலும் கீழே 140 டிகிரி, மேலே பங்குனி வெயில். தடித்த அடி பூட்ஸும் முழுக்கை சட்டையும் கையுறையும் தராமல் அவர்களை நிறுத்துவது அநியாயம். மார்ச் கடைசிக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்று இரவும் பகலும் விரட்டுகிற வேலையில் அவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். சூடான தார் தோலில் பட்டுவிட்டால் உடனே குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டிய தாரைப் பிய்க்கவே கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். கை, கால் விரலைச் சுற்றி வளையமாக ஒட்டியிருந்தால் ஆறும்போது இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் என்பதை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட வேண்டும். எங்கள் சைட்டில் எந்த வேலை தொடங்கினாலும் முதல் நாள் காலையில் இதை நான் எல்லோரையும் நிற்கவைத்துச் சொல்லுவேன்.

உங்கள் தெருவில் ரோடு போடும்போது நீங்களும் போய் நிற்கலாம். யாரும் தடுக்க முடியாது. தூசி கூட்டினார்களா, டேக் கோட் கறுத்ததா, டிப்பரில் தார்ப்பாய் இருக்கிறதா, ரோலர் பேவரை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். "கலவை எத்தனை டிகிரி சார்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் தெர்மாமீட்டர் வெளியே வரும். கேள்வி கேட்கிற ஆள் ஒருவர் நின்றாலே வேலையின் போக்கு மாறுவதை நான் பல தெருக்களில் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி சூடான கலவையை எங்கேயும் நிம்மதியாகப் போட முடியாது, குழி அடைக்கிற வேலைதான் மிச்சம். அதையும் ஒழுங்காகச் செய்தால் தை வரை தாங்கும். குழிக்குள் தேங்கிய தண்ணீரையும் சேற்றையும் முதலில் எடுத்துவிட வேண்டும். குழி எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், சுற்றிலும் உறுதியான ரோடு வருகிற வரை நேர்கோட்டில், செங்குத்தான சுவரோடு சதுரமாக வெட்ட வேண்டும். சரிவான ஓரம் விட்டால் அடைத்தது டயரோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். அடியில் மட்டுமில்லாமல் நான்கு பக்கச் சுவரிலும் எமல்ஷன் பூச வேண்டும். பையில் வருகிற குளிர் கலவையானாலும் ஆழமான குழி என்றால் இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக இடிக்க வேண்டும். கடைசி அடுக்கு ரோட்டு மட்டத்துக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் போல எழும்பி நிற்கட்டும். மீதியை வண்டிகள் இறுக்கிவிடும்.